வேறு வழி தேடும் மனம்

மதிப்பிற்குரிய அவையோரே,

மனம் வாடிய குழந்தையின் கையில் வண்ணப் பென்சிலைக் கொடுத்து, 'மனத்தில் இருப்பதையெல்லாம் வரைந்து கொட்டிவிடு' என்று சொல்வது நமக்குப் பழகிப்போன வைத்தியம். அந்த நம்பிக்கையை இன்று சற்று உரசிப் பார்க்க விரும்புகிறேன்.

ஜெனிஃபர் டிரேக், எலன் வின்னர் என்னும் உளவியலாளர்கள் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், 6 முதல் 12 வயதுவரையுள்ள குழந்தைகளிடம், தங்களுக்கு ஏமாற்றம் தந்த நிகழ்ச்சி ஒன்றை நினைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, சிலரை அந்த நிகழ்ச்சியையே வரையச் செய்தார்கள். வேறு சிலரை அதனோடு தொடர்பே இல்லாத ஒரு வீட்டை வரையச் செய்தார்கள். வீடு வரைந்த குழந்தைகளின் மனநிலைதான் கூடுதலாகத் தேறியது. அதே ஆய்வின் மற்றொரு பகுதியில், இன்னொருவர் வரைந்த படத்தைப் பார்த்து அப்படியே வரைந்தவர்களைவிட, தாமாக எண்ணி வரைந்தவர்கள் அதிகம் பயன் பெற்றார்கள். எனவே ஆறுதல் தருவது கையின் அசைவு மட்டுமன்று. புதிதாக ஒன்றை எண்ணி உருவாக்குவதற்கும் அதில் பங்குண்டு.

இதன் வேரைப் பாவனை விளையாட்டில் தேடியவர் அமெரிக்க உளவியலாளர் சாண்ட்ரா ரஸ். இரண்டு பொம்மைகளையும் மூன்று மரக்கட்டைகளையும் கொடுத்து, ஐந்து நிமிடம் விருப்பம்போல் விளையாடச் சொல்லி, அந்த விளையாட்டில் எத்தனை கற்பனை, எத்தனை உணர்ச்சி வெளிப்படுகின்றன என்று அவர் கணக்கிட்டார். கட்டை ஒன்று ஒரு கணம் மலையாகவும் மறுகணம் படகாகவும் மாறுகிறது. பொம்மைகள் சண்டையிட்டுப் பின் சமாதானமாகின்றன. இவ்வாறு வளமாக விளையாடிய குழந்தைகள், பல் மருத்துவரின் நாற்காலியில் அமர்ந்தபோது, அச்சத்தைச் சமாளிக்க அதிக வழிகளைக் கைக்கொண்டதாகவும் குறைவாகவே கலங்கியதாகவும் 1996-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது.

காரணம் எளிதில் விளங்கக்கூடியது என்றே நான் கருதுகிறேன். ஒரு கட்டைக்குப் பத்துப் பயன் காணும் மனம், ஒரு சிக்கலுக்கும் இரண்டாவது, மூன்றாவது வழியைத் தேடும். 'இனி ஒன்றும் செய்வதற்கில்லை' என்ற முடிவுக்கு அது அவ்வளவு விரைவில் வந்துவிடுவதில்லை. இத்தொடர்பு காரண காரியமாக முழுமையாக நிறுவப்பட்டுவிட்டது என்று நான் சொல்லவில்லை. மன உறுதி மிக்க குழந்தை இயல்பாகவே நன்றாக விளையாடவும் கூடும்.

மதிப்பெண்ணும் பரிசும் குறுக்கிட்டால், வரைவதே குழந்தைக்குப் புதிய நெருக்கடியாகிவிடும். (ஓவியப் போட்டிகளில் பெற்றோரின் முகத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.) அடியும் ஏளனமும் நாள்தோறும் தொடரும் இடத்தில் கற்பனையால் ஓரளவுதான் தாங்க முடியும், அங்கே முதலில் அந்தக் கொடுமையை நிறுத்த வேண்டியவர்கள் பெரியவர்களே.