கடிவாளம் குவின்ஸ் பார்க்கில்

வணக்கம் நேயர்களே. கனடாவில் கருத்துச் சுதந்திரம், பல்கலைக்கழகச் சுதந்திரம் பற்றிப் பேச வருவீர்களா என்று நிலையத்தார் கேட்டபோது, வருகிறேன், ஆனால் ஒட்டாவாவைப் பற்றி அல்ல, ஒன்ராறியோ மாகாணச் சட்டசபை இருக்கும் குவின்ஸ் பார்க்கைப் பற்றித்தான் பேசுவேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். நம் வீடுகளில் அரசியல் பேச்சு என்றால் ஒட்டாவா, இல்லாவிட்டால் கொழும்பு. மாகாண அரசியலை யாரும் கண்டுகொள்வதில்லை. நம்மவர்களை மட்டும் சொல்லவில்லை, 2022இலும் சரி 2025இலும் சரி, ஒன்ராறியோவில் வாக்குரிமை உள்ளவர்களில் பாதிப்பேர்கூட மாகாணத் தேர்தலில் வாக்களிக்கவில்லை. ஆனால் கல்வியை 1867ஆம் ஆண்டு அரசியலமைப்பு மாகாணங்களின் கையில்தான் கொடுத்தது. உங்கள் பிள்ளை கட்டும் கட்டணத்துக்கு உச்சவரம்பு வைப்பது, பல்கலைக்கழகத்துக்கு மானியம் கொடுப்பது, குறைப்பது, எல்லாம் மாகாணம்தான்.

ஒரு கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 2018 ஓகஸ்டில், ஆட்சிக்கு வந்த கையோடு, டக் ஃபோர்டின் மாகாண அரசு எல்லாக் கல்லூரிகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் ஓர் உத்தரவு போட்டது: 2019 ஜனவரி 1க்குள் கருத்துச் சுதந்திரக் கொள்கை ஒன்றை வெளியிட வேண்டும், தவறினால் நிதி குறையலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சுதந்திரமாகப் பேசு, இல்லாவிட்டால் காசை வெட்டுவேன் என்று அரசு சொல்வதில் உள்ள வேடிக்கையை அப்போது ரசித்தவர்கள் குறைவு. சரி, அந்த ஜனவரியிலேயே அடுத்த அறிவிப்பு வந்தது. கல்விக் கட்டணம் 10 சதவீதம் குறைப்பு, பெற்றோருக்கெல்லாம் சந்தோஷம். அதோடு இன்னொன்றும் வந்தது, அதைப் பலர் கவனிக்கவில்லை: மாணவர் சங்கம், மாணவர் பத்திரிகை, வளாக வானொலி ஆகியவற்றுக்குப் போகும் சிறு கட்டணங்களை இனி விருப்பமுள்ளவர்கள் மட்டும் கட்டினால் போதும். உடற்பயிற்சிக் கூடம் அத்தியாவசியமாம், பத்திரிகை அத்தியாவசியம் இல்லையாம்! நிர்வாகத்தைக் கேள்வி கேட்கிற, அரசை எதிர்த்து ஊர்வலம் போகிற அமைப்புகளாகப் பார்த்துத்தான் கத்தரி விழுந்தது. மாணவர் சங்கங்கள் செய்வதெல்லாம் மார்க்சியப் பைத்தியக்காரத்தனம் என்ற தொனியில் முதல்வர் ஃபோர்ட் தன் கட்சி ஆதரவாளர்களிடம் நிதி கேட்டு அனுப்பிய கடிதம் பின்னால் நீதிமன்றம்வரை போனது.

மாணவர்கள் வழக்குப் போட்டார்கள், வென்றார்கள். பல்கலைக்கழகங்கள் தங்களுக்கென்று தனிச் சட்டம் உள்ள தன்னாட்சி அமைப்புகள், அவற்றுக்குள் இப்படிக் கைவைக்க அமைச்சரவைக்குச் சட்ட அதிகாரம் இல்லை என்று 2019 நவம்பரில் தீர்ப்பு வந்தது. 2021இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அதையே சொன்னது. கவனியுங்கள், அந்த வழக்கை வென்று தந்தது கருத்துச் சுதந்திர உரிமை அல்ல, பல்கலைக்கழகத்தின் தன்னாட்சிதான்.

பேச்சுரிமையைக் காக்க அரசியலமைப்பில் உரிமைகள் சாசனம் இருக்கிறதே என்பீர்கள். பல்கலைக்கழகம் அரசாங்கத்தின் ஓர் அங்கம் அல்ல, ஆகவே சாசனம் அதைக் கட்டுப்படுத்தாது என்று உச்ச நீதிமன்றம் 1990இலேயே, குவெல்ப் பல்கலைக்கழக வழக்கில், சொல்லிவிட்டது. (2020இல் அல்பேர்ட்டா மேன்முறையீட்டு நீதிமன்றம், வளாகத்தில் மாணவர்கள் கருத்துச் சொல்வது தொடர்பாக மாறித் தீர்ப்பளித்தது. ஆனால் அது அல்பேர்ட்டாவுக்கு.) அப்படியானால் ஒரு பேராசிரியர் அரசையோ தன் நிர்வாகத்தையோ விமர்சித்து எழுதிவிட்டு மறுநாள் வேலைக்குப் போக முடிகிறதே, அது எதன் பலத்தில்? பெரும்பாலும் தொழிற்சங்கம் நிர்வாகத்தோடு போட்ட கூட்டு ஒப்பந்தத்தின் பலத்தில்.

அதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1958இல் வினிபெக்கில் யுனைற்றட் கொலேஜ் என்றொரு கல்லூரி, இன்றைய வினிபெக் பல்கலைக்கழகம் அதுதான். ஹரி குரோ என்ற வரலாற்றுப் பேராசிரியர் விடுப்பில் வெளியூரில் இருந்தபோது சக ஆசிரியர் ஒருவருக்குத் தனிப்பட்ட கடிதம் எழுதினார். நிர்வாகத்தைப் பற்றியும் மதத்தைப் பற்றியும் நாலு வார்த்தை காரமாக எழுதியிருந்தார், நண்பருக்கு எழுதும் கடிதம்தானே. அந்தக் கடிதம் எப்படியோ கல்லூரி முதல்வரின் மேசைக்குப் போய்ச் சேர்ந்தது. முதல்வர் அதைப் பிரதி எடுத்து வைத்துக்கொண்டார், குரோவின் வேலை போனது. கனடியப் பல்கலைக்கழக ஆசிரியர் சங்கம் விசாரணைக்கு அனுப்பிய இருவரில் ஒருவர் போரா லஸ்கின், பின்னாளில் நாட்டின் தலைமை நீதிபதியானவர். குரோவுக்கு அநீதி நடந்தது என்று அவர்கள் அறிக்கை கொடுத்தார்கள், சக ஆசிரியர்கள் பலர் அவருக்காக ராஜினாமாவே செய்தார்கள். நியாயமான காரணம் காட்டாமல், விசாரிக்காமல் ஒரு பேராசிரியரை அனுப்பிவிட முடியாது என்கிற இன்றைய வழக்கம் இந்த மாதிரிச் சண்டைகளில் பிறந்தது.

ஆனால் ஒப்பந்தம்தான் பாதுகாப்பு என்றால், ஒப்பந்தத்தை உடைத்தால் என்ன ஆகும்? சட்பரியில் லோரன்ஷியன் பல்கலைக்கழகம் 2021 பெப்ரவரியில், நொடித்துப்போகும் வியாபார நிறுவனங்கள் செய்வதுபோல, கடன்காரர்களிடமிருந்து பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது. ஏப்ரல் 12ஆம் தேதி ஒரே நாளில் 69 பாடத்திட்டங்கள் மூடப்பட்டன, நூறுக்கும் மேற்பட்ட பேராசிரியர்கள் சூம் கூட்டத்தில் கூட்டமாக வேலை இழந்தார்கள். நிதி நெருக்கடி வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று கூட்டு ஒப்பந்தத்தில் எழுதியிருந்த ஒழுங்கு அப்படியே தாண்டப்பட்டது. இந்த வழியில் போயே ஆகவேண்டிய தேவை இருக்கவில்லை என்று மாகாணக் கணக்காய்வாளர் அடுத்த ஆண்டு எழுதினார். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

அரசே உடைக்கவும் வழி உண்டு, சாசனத்தின் 33ஆம் பிரிவு. பேச்சுரிமை, சங்கம் சேரும் உரிமை போன்றவற்றை மீறினாலும் இந்தச் சட்டம் செல்லும் என்று ஒரு மாகாணச் சட்டசபை ஐந்தாண்டுக்கு எழுதிக்கொள்ளலாம், பிறகு புதுப்பிக்கலாம். 1982இல் மாகாணங்கள் கேட்டு வாங்கிய வரம் இது. ஒன்ராறியோ இதை முதன்முதலில் பயன்படுத்தியது 2021 ஜூனில்: தொழிற்சங்கங்கள் போன்ற வெளி அமைப்புகள் தேர்தலுக்கு முந்திய ஓராண்டில் செய்யும் அரசியல் விளம்பரத்தை இறுக்கியது செல்லாது என்று நீதிபதி சொல்லி ஒரு வாரத்துக்குள், 33ஐப் போட்டு அதே கட்டுப்பாட்டைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். வாக்குரிமையை அந்தப் பிரிவால் தொட முடியாது, அந்த வழியாகத்தான் 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்தக் கட்டுப்பாட்டை வீழ்த்தியது, அதுவும் ஐந்து நீதிபதிகளுக்கு நான்கு என்ற கணக்கில். 2022 நவம்பரில் 55,000 பள்ளி ஊழியர்களின் வேலைநிறுத்தத்தை 33ஐ வைத்தே தடைசெய்தார்கள், மீறினால் ஆளுக்கு நாளொன்றுக்கு 4,000 டொலர் வரை அபராதம். துப்புரவுப் பணியாளரும் வகுப்பு உதவியாளரும், நம் ஸ்காபரோப் பெண்கள் எத்தனையோ பேர் செய்கிற வேலை அது, மறுநாளே வேலையை விட்டு வெளியே வந்தார்கள், மற்றச் சங்கங்களும் சேரத் தயாராயின, சில நாட்களில் அரசு பின்வாங்கியது. 2025 ஒக்டோபரில் அல்பேர்ட்டா அதே ஆயுதத்தை வேலைநிறுத்தம் செய்த 51,000 ஆசிரியர்கள்மீது எடுத்தபோது அவர்கள் பள்ளிக்குத் திரும்பிவிட்டார்கள். பேராசிரியர்களின் ஒப்பந்தம் மட்டும் இதற்கு விதிவிலக்கா என்ன?

கியூபெக் 2022இல் கல்விச் சுதந்திரத்துக்கென்றே சட்டம் போட்டது. நல்லதுதான், ஆனால் பல்கலைக்கழகம் சரியாகச் செய்யவில்லை என்றால் அமைச்சர் கட்டளையிடலாம் என்றும் அதில் இருக்கிறது. எனக்கு அது உவப்பாக இல்லை.

கடைசியாக, சிலருக்குப் பிடிக்காமல் போகக்கூடிய ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மாகாணம் கையைச் சுருக்கினால் பல்கலைக்கழகங்கள் நன்கொடையாளர் பக்கம் பார்க்கும். 2020இல் ரொறன்ரோ பல்கலைக்கழகச் சட்டபீடத்தில் மனித உரிமைத் திட்டத்துக்கு ஒருவரை நியமிக்கும் ஏற்பாடு பாதியில் நின்றது, அவருடைய பாலஸ்தீனம் பற்றிய எழுத்துக் குறித்து ஒரு நன்கொடையாளர் கேட்ட கேள்விதான் காரணமா என்று பெரிய சர்ச்சை. நிர்வாகம் மறுத்தது, தனி விசாரணையும் முறையற்ற செல்வாக்கு இருந்ததாகச் சொல்லவில்லை, கனடியப் பல்கலைக்கழக ஆசிரியர் சங்கமோ அதை ஏற்காமல் பல்கலைக்கழகத்தின் மீது கண்டனம் போட்டது. நியமனம் மறுபடி முன்வைக்கப்பட்ட பிறகுதான் கண்டனம் விலகியது. இப்போது நம் கதைக்கு வருவோம். அதே பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்தில் தமிழ் இருக்கைக்காக முப்பது லட்சம் டொலர் சேர்த்துக் கொடுத்த சமூகம் இது. அதில் அமரும் பேராசிரியர் நாளை நம் வரலாற்றைப் பற்றி, நம் போராட்டத்தைப் பற்றி, சாதியைப் பற்றி, நமக்குக் கசக்கும்படி ஒரு கட்டுரை எழுதினால், பல்கலைக்கழகத்துக்குத் தொலைபேசி எடுக்கப்போகிறவர்கள் யார் யார்? இதே கேள்வியைத்தான் இந்த நிகழ்ச்சியின் அடுத்த பகுதியில், நேயர்கள் அழைக்கும்போது, உங்களிடமும் கேட்கப்போகிறேன்.