ஹம்மில் பிரியும் ரயில்

நேயர்களுக்கு வணக்கம். நண்பரின் மாமனார் மாமியார் ஜெர்மனியின் மேற்கே உள்ள வூப்பர்டால் நகரில் இருக்கிறார்கள், நான்கு நாள் வந்து தங்கச் சொல்லியிருக்கிறார்கள், நீங்கள் பெர்லினிலிருந்து ரயிலில் கிளம்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பலர் கோட்டை விடும் இடம், வழியில் வரும் ஹம் நகரம்.

பெர்லினிலிருந்து அந்தப் பக்கம் போகும் ஐ.சி.இ. என்ற அதிவேக ரயில்கள் பலவும் இரண்டு வண்டிகளை ஒன்றாகக் கோத்தவை. ஹம் நிலையத்தில் கழற்றிவிடுவார்கள். ஒன்று ஹாகன், வூப்பர்டால் வழியாகக் கொலோனுக்கும் மற்றது டோர்ட்முண்ட், எஸ்ஸன் வழியாக டுஸ்ஸல்டோர்ஃபுக்கும் போகும். உள்ளேயே நடந்து ஒன்றிலிருந்து மற்றதற்குப் போக முடியாது. அதனால் சீட்டிலுள்ள வண்டி எண்ணை நடைமேடைத் திரையில் தேடுங்கள். பக்கத்தில் ஏ, பி, சி என்று எழுத்துகள் இருக்கும். உங்கள் பெட்டி எந்த எழுத்துப் பலகைக்கு நேரே நிற்குமோ அங்கே நில்லுங்கள். சில நாள் பெட்டி வரிசை தலைகீழாக வரும். ஏ-யில் நின்றவர் எஃப்-ஐ நோக்கி ஓட வேண்டியதுதான். முடியாவிட்டால் கிடைத்த கதவில் ஏறி, ஹம்முக்கு முன்னால் வரும் ஹனோவரிலோ பீலஃபெல்டிலோ இறங்கி மாறிக்கொள்ளுங்கள். ஹம் வரை தள்ளிப்போடாதீர்கள். ஹம்மில் காமாட்சி அம்பாள் கோயில் இருக்கிறதே என்று சிலருக்கு ஆசை வரும். 2002-இல் குடமுழுக்கு நடந்த அந்தக் கோயில் ஊன்ட்ரோப் பகுதியில் இருக்கிறது. வண்டி நிற்கும் சில நிமிடத்தில் போய்வர முடியாது.

மலிவான சீட்டு வகைகளில் ஒன்று ஷ்பார்ப்ரைஸ். அது அந்த ஒரு வண்டிக்கு மட்டுமே செல்லும். ஆனால் போய்ச்சேர 20 நிமிடமோ அதற்கு மேலோ தாமதமாகும் என்று தெரிந்தால் அந்தக் கட்டுப்பாடு நீங்கிவிடும், வேறு வண்டியில் ஏறலாம். 60 நிமிடம் தாமதமானால் கட்டணத்தில் 25 விழுக்காடு, 120 நிமிடமானால் 50 விழுக்காடு திரும்பக் கேட்கலாம். இருக்கையை முன்பதிவு செய்யத் தனிக் காசு. வண்டி கிளம்பி 15 நிமிடத்துக்குள் போய் உட்காராவிட்டால் அந்த உரிமையும் போச்சு.

ஜெர்மன்காரர்களின் நேரந்தவறாமை புகழ் பெற்றது. அவர்களுடைய ரயில் வேறு ரகம். 2024-இல் நெடுந்தூர வண்டிகளில் 62.5 விழுக்காடுதான் நேரத்துக்கு வந்தன. 6 நிமிடத்துக்குக் குறைவான தாமதத்தைக் கணக்கிலேயே சேர்க்காமல் வந்த எண் இது! ஆகவே "ஆறு மணிக்கு வந்துவிடுவோம்" என்று மட்டும் உங்களை அழைத்தவர்களுக்கு எழுதாமல் வண்டி எண்ணையும் அனுப்புங்கள். அவர்களே ரயில் செயலியில் பார்த்துக்கொண்டு கிளம்புவார்கள்.

இறங்க வேண்டியது வூப்பர்டால் ஹௌப்ட்பான்ஹோஃப், அதாவது முதன்மை நிலையம். அங்கிருந்து, 1901 முதல் ஓடும் தொங்கு ரயிலில் வீட்டருகே போகலாம்; 13.3 கிலோமீட்டர், 20 நிறுத்தம், பெரும்பகுதி ஆற்றுக்கு மேலே.

சைவமானால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இரவுச் சாப்பாடு பெரும்பாலும் ரொட்டி, பாலாடைக்கட்டி, இறைச்சித் துண்டு என்று ஆறியதாகவே இருக்கும். பூங்கொத்து கொண்டுபோனால் சுற்றிய காகிதத்தை வாசலிலேயே பிரித்துவிட்டுக் கொடுங்கள். சிவப்பு ரோஜா காதலிக்குக் கொடுப்பது, மாமியாருக்கு வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை ஊர்க் கடைகள் மூடியிருக்கும். பெரிய ரயில் நிலையத்துக் கடைகளில் பார்க்கலாம்.