சிவபூஜையில் கொகெய்ன் கரடி

(எங்கள் ஊர் வாசகர் மன்றத்தின் மாதக் கூட்டத்தில் பேசியது, எழுத்து வடிவில்)

மன்றத் தலைவர் அவர்களே, ஒற்றை யானைக்கு எதிரிலும் ஜீப்பைத் திருப்பாதவர் என்று இந்த மலை முழுக்கப் பெயரெடுத்த ஓய்வுபெற்ற வனச்சரகர் ஐயா அவர்களே, விடைத்தாள் கட்டை மடியில் வைத்துக்கொண்டே முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தலைமையாசிரியை அம்மா அவர்களே, எனக்குப் பொன்னாடை போர்த்திய பொருளாளர் அவர்களே, வணக்கம். இதே பொன்னாடையைப் போன மாதம் வேறொரு தோளில் பார்த்த ஞாபகம். பரவாயில்லை, சிக்கனம் நல்லதுதான். மைக் செட் தம்பிக்குத் தனி வணக்கம். இன்றைக்கு மைக் கத்தாது என்று சத்தியம் செய்திருக்கிறார்.

சிவபூஜையில் கரடி புகுந்ததுபோல என்று சொல்வார்கள். இதைச் சொல்லாமல் நான் எந்த மேடையிலிருந்தும் இறங்கியதில்லை. இந்தக் கரடி மிருகமே இல்லை என்பது என் கட்சி. கரடிகை என்று ஒரு தோற்கருவி உண்டு. சிலப்பதிகார உரையில் அடியார்க்குநல்லார் பேரிகை, படகம் என்று அடுக்கும்போது கரடிகையையும் சொல்கிறார். பூஜை நேரத்தில் வாத்தியம் உள்ளே வந்ததைத்தான் நாம் மிருகமாக்கிவிட்டோம். ஆனால் இன்றைக்கு நான் பேசவந்த கரடி நிஜ மிருகம். படத்தின் பேரே பேர். ‘கொகெய்ன் பேர்’.

மூன்று செய்திகள் சொல்லப்போகிறேன். விமர்சகர்கள் என்ன சொன்னார்கள், ஜனங்கள் என்ன சொன்னார்கள், எலிசபெத் பேங்க்ஸ் என்ற பெண் இயக்குநர் இவ்வளவு ரத்தம் தெறிக்கும் படத்தை எடுத்ததை எப்படிப் பார்த்தார்கள்.

முதலில் நிஜக் கதை. 1985 செப்டம்பர். அமெரிக்காவில் ஆண்ட்ரூ தார்ன்டன் என்று ஒரு ஆசாமி. கென்டக்கி மாநிலத்தில் போதைப்பொருள் தடுப்புப் போலீசாக இருந்தவர், பிறகு தானே கடத்தலில் இறங்கினார். விமானத்திலிருந்து கொகெய்ன் பைகளைக் காட்டில் வீசினார், பாராசூட்டோடு தானும் குதித்தார். பாராசூட் சரியாக விரியவில்லை. டென்னசியில் நாக்ஸ்வில் நகரத்தில் ஒரு வீட்டுப் பாதையில் பிணமாகக் கிடந்தார். அந்த டிசம்பரில் ஜார்ஜியா காட்டில் ஒரு கருங்கரடி செத்துக் கிடந்தது. சுற்றிலும் கிழிந்த கொகெய்ன் பொட்டலங்கள். அந்தக் கரடி யாரையும் கடிக்கவில்லை, துரத்தவில்லை. கண்டதைத் தின்றது, செத்தது. இதை வைத்து 2023-இல் ஒரு காட்டையே கொன்று குவிக்கும் கரடியாக்கி, உண்மைச் சம்பவம் என்றும் போட்டார்கள். நம் ஊரில் இதற்கென்றே ஒரு சொல் இருக்கிறது: கரடி விடுவது. (சிரிப்பு)

விமர்சகர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பேர் நல்லபடியாகவே எழுதினார்கள். பாராட்டியவர்களும் ஒரு ‘ஆனால்’ போட்டார்கள். தலைப்பு தரும் சிரிப்பைப் படம் முழுக்கத் தரவில்லை. கரடி வந்தால் படம் ஓடுகிறது, மனிதர்கள் வாயைத் திறந்தால் நொண்டுகிறது. மகளைத் தேடும் அம்மா, பொட்டலம் தேடும் கும்பல், போலீஸ்காரர், கடத்தல் முதலாளி என்று ஆள் அதிகம், ஒருவரோடும் ஒட்டமுடியவில்லை. நியாயம்தான். கடத்தல் முதலாளியாக வந்தவர் ரே லியோட்டா. படம் வெளிவருமுன்பே 2022-இல் காலமாகிவிட்டார். படத்தை அவருக்கே சமர்ப்பித்திருக்கிறார்கள்.

ஜனங்களோ, முன்னோட்டம் வந்த அன்றைக்கே மனசுக்குள் டிக்கெட் வாங்கிவிட்டார்கள். முதல் வாரக் கடைசியில் அமெரிக்காவில் 2 கோடியே 30 லட்சம் டாலர். உலகம் முழுக்கச் சுமார் 9 கோடி. செலவு 3 கோடிக்குச் சற்று மேல் என்கிறார்கள். ஆனால் தியேட்டர் வாசலில் மதிப்பெண் கேட்கும் சினிமாஸ்கோர் கணக்கில் கிடைத்தது ‘பி மைனஸ்’. தலைமையாசிரியை அம்மாவுக்குப் புரியும், பாஸ்தான், ஆனால் வீட்டில் காட்டி இனிப்புக் கேட்கமுடியாத மார்க். அந்த மார்ச் மாதம் ஆஸ்கர் மேடையிலும் கரடி வேஷம் கட்டிய ஒருவர் பேங்க்ஸ் அம்மையாரோடு வந்து நின்றார். பிறகு அதே வேஷம் பார்வையாளர் வரிசையில் மலாலா பக்கம் போய் நின்றது. சிவபூஜையில் கரடி என்றால் அதுதான்!

இப்போது நம் மன்றத்தில் நடந்ததைச் சொல்லவேண்டும். போன வருஷம் இதே கூடத்தில், குழந்தைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டி இந்தப் படத்தைப் போட்டோம். என் அத்தை வந்திருந்தார். வயது எழுபத்தெட்டு. அவருக்கு இங்கிலீஷ் தெரியாது, கரடியைத் தெரியும். படம் ஆரம்பித்ததும் கரடியிடம் எப்படித் தப்பிப்பது என்று எழுத்துப் போட்டு, ஆதாரம் விக்கிபீடியா என்று போடுகிறார்கள். நாங்கள் சிரித்தோம். “எதுக்குடா சிரிக்கிறீங்க?” என்றார். சொன்னேன். “எங்கிட்ட கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே” என்றார்.

படத்தில் ஒரு வன அதிகாரி அம்மாள் கரடியைக் குறிவைத்து ஒரு பையனைச் சுட்டுவிடுகிறார். நம் வனச்சரகர் ஐயா எழுந்து, “இது துறைக்கே அவமானம்” என்று சொல்லி மறுபடி உட்கார்ந்தார். அப்புறம் அந்த ஆம்புலன்ஸ் காட்சி. கதவு திறந்து கிடக்கிறது, வண்டி பறக்கிறது, பின்னால் கரடி பாய்ந்து வருகிறது. தாவுகிறது! அந்த நொடியில் கரண்ட் போனது.

இருட்டு. யாரும் மூச்சு விடவில்லை. அப்போது பின்கட்டில் ‘டங்’ என்று ஒரு சத்தம். அலுமினியத் தட்டு உருளுகிற சத்தம். அப்புறம் ‘மொறுக், மொறுக்’ என்று எதையோ மெல்லுகிற சத்தம். ஒரு அம்மாள் முருகனைக் கூப்பிட்டார். ரேஞ்சர் ஐயா நாற்காலியின் மேல் ஏறி நின்றார். யானைக்குப் பயப்படாதவர்தான், ஆனால் அது இருட்டு இல்லாத நேரம். தடியை எடு, டார்ச்சை எடு என்று ஒரே கூச்சல். கடைசியில் என் அத்தைதான் செல்போன் வெளிச்சத்தோடு எழுந்து போய்த் திரையை விலக்கினார். உள்ளே விருந்தினருக்கென்று வைத்திருந்த மசால் வடையில் நாலாவதைக் கையிலும் மூணாவதை வாயிலும் வைத்துக்கொண்டு நின்றது… பெயர் சொல்லமாட்டேன். மேடையில்தான் இருக்கிறார். கணக்கு மட்டும் சரியாக எழுதுவார். (நீண்ட சிரிப்பு)

கரண்ட் வந்து மீதிப் படம் பார்த்தோம். முடிந்ததும் அத்தையிடம் எப்படி என்று கேட்டேன். “அந்தக் கரடி பாவம்டா. மேலேருந்து குப்பையைப் போட்டவன் எவனோ, தின்னுட்டுத் திண்டாடுறது இது” என்றார். நான் படித்த விமர்சனங்களையெல்லாம் விட எனக்கு இதுதான் பெரிதாகப்பட்டது. பேங்க்ஸ் அம்மையாரும் பேட்டிகளில் கிட்டத்தட்ட இதைத்தான் சொன்னார்: அநியாயமாகச் செத்த கரடிக்கு இந்தப் படம் ஒரு பழிவாங்கும் கதை. கடைசியில் கரடியும் குட்டிகளும் முதலாளியின் மேல் பாயும்போது கூடம் கைதட்டியதே, அதற்குக் காரணமும் அதுதான்.

மறுநாள் காலை கூடத்தின் பின்னால் போய்ப் பார்த்தால், நாம் போட்ட காகிதத் தட்டும் வடைத் துணுக்கும் கிடந்த குப்பைத் தொட்டி கவிழ்ந்து கிடக்கிறது. மண்ணில் கால்தடம். ரேஞ்சர் ஐயா குனிந்து பார்த்து, “கரடி. ராத்திரி ரெண்டு மணிக்கு மேல வந்திருக்கு” என்றார். நாம் உள்ளே பயந்து அலறிய கரடி பொருளாளர், மன்னிக்கவும், பெயர் சொல்லமாட்டேன் என்றேன் அல்லவா? வெளியே வந்தது நிஜம். தேயிலைத் தோட்டம் தாண்டி அது ஊருக்குள் வருவது நம்மைப் பார்க்க இல்லை. திறந்த தொட்டி, தெருவில் கொட்டிய சாம்பார், விளக்கில் மிஞ்சிய எண்ணெய், இதற்குத்தான் வருகிறது. ஒருமுறை சுலபமாகக் கிடைத்துவிட்டால் மறுபடி வரும். வந்தால் யாராவது அடிபடுவார்கள், அப்புறம் கூண்டு வைப்பார்கள். ஜார்ஜியாவில் பை வீசினார்கள், நாம் பிளாஸ்டிக் கவரை முடிச்சுப் போட்டு வீசுகிறோம். நாமே தட்டு வைத்துக் கூப்பிட்டுவிட்டுச் சிவபூஜையில் கரடி புகுந்தது என்று கத்தினால் எப்படி?

ரேஷன் கடைத் திருப்பத்தில் ஒன்று, கோயில் பின்புறம் ஒன்று, பள்ளிக்கூட வாசலில் ஒன்று. மூடியும் தாழ்ப்பாளும் உள்ள இரும்புத் தொட்டி மூன்றே மூன்று கேட்கிறோம். கரடி நகத்துக்குத் திறக்காத தாழ்ப்பாள். ஊராட்சிக்கு இரண்டு முறை மனுக் கொடுத்தாயிற்று.

தலைவர் மணியடிக்கிறார். பெண் இயக்குநர் பற்றிய மூன்றாவது செய்தி அடுத்த மாதம், தலைமையாசிரியை அம்மா கோபித்துக்கொள்ளக்கூடாது. மூன்றாவது மனு வாசல் மேசையில் இருக்கிறது. போகும்போது கையெழுத்துப் போடுங்கள். பேனா மன்றத்தினுடையது, எடுத்துப்போகாதீர்கள். வடையும் இருக்கிறது, தலைக்கு இரண்டு. இந்த முறை எண்ணி வைத்திருப்பது என் அத்தை.