மழைக்கால டீ, சுக்குக் காபி, மஞ்சள் பால்: பல்லில் கறை ஏறாமல் குடிப்பது எப்படி?

வணக்கம், எல்லோரும் நலமா? வெளியில் நல்ல மழை. அந்தச் சத்தம் மைக்கிலும் விழும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐப்பசி பிறந்து பருவமழை பிடித்துவிட்டால் நம் வீடுகளில் அடுப்பு அணைவதே இல்லை. காலையில் டீ, பதினொரு மணிக்கு இஞ்சி எலுமிச்சை டீ, சாயங்காலம் சுக்குக் காபி, படுக்கும் முன் மஞ்சள் பால். தை பிறந்ததும் கல்யாண சீசன் வந்துவிடும். அப்போதுதான் பலர் கிளினிக்குக்கு வருவார்கள். "டாக்டர், போட்டோவில் பல் மஞ்சளாகத் தெரிகிறது, ஏதாவது பண்ணுங்கள்" என்பார்கள். அந்தக் கறையில் பெரும்பகுதியை வராமலே தடுத்திருக்கலாம். அதற்காகத்தான் இந்த வீடியோ. பயப்படாதீர்கள், டீயை விடச் சொல்ல மாட்டேன்.

கறை எப்படிப் பிடிக்கிறது என்பதைப் பார்த்துவிடுவோம். பல்லின் வெளிப்பகுதி எனாமல். நம் உடம்பிலேயே மிகக் கடினமான பொருள் அதுதான். பல் துலக்கிய சில நிமிடங்களிலேயே எச்சிலில் இருக்கும் புரதங்கள் அதன்மேல் மெல்லிய படலமாகப் படிந்துவிடும். அந்தப் படலம் பல்லுக்குப் பாதுகாப்பு, அது வேண்டும். ஆனால் டீயில் இருக்கும் டானின், அதாவது டீக்குத் துவர்ப்பு தரும் பொருள், அந்தப் புரதத்தைத்தான் பிடித்துக்கொள்கிறது. பீங்கான் கோப்பையில் டீ குடித்துவிட்டு அப்படியே வைத்தால் உள்ளே பழுப்பு வளையம் விழுமே, கிட்டத்தட்ட அதேதான் பல்லிலும் நடக்கிறது. கோப்பையை உடனே அலசினால் வளையம் விழாது. மறுநாள் காலை வரை விட்டால் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும்.

ஆகவே எனக்கு இதில் முக்கியமாகப் படுவது நேரம். ஒரு டம்ளர் டீயைப் பத்து நிமிடத்தில் குடித்து முடிப்பவர் பல்லும், அதே டீயை பிளாஸ்க்கில் ஊற்றி லேப்டாப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மத்தியானம் வரை ஒவ்வொரு வாயாக உறிஞ்சுபவர் பல்லும் ஒன்றாக இருக்காது. வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள் இதைக் கவனியுங்கள். எச்சில் தானாகவே வாயைக் கழுவிக்கொண்டுதான் இருக்கிறது. பத்து நிமிடத்துக்கு ஒரு வாய் ஊற்றினால் அது எப்போது வேலையை முடிக்கும்?

நிலவேம்புக் குடிநீரையே எடுத்துக்கொள்ளுங்கள். அடர்த்தியான நிறம்தான். ஆனால் அந்தக் கசப்பை யாரும் ரசித்து உறிஞ்சுவதில்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்கு, உடனே தண்ணீர். பல்லுக்கு அது நல்ல முறை.

இப்போது இந்த மேசையில் இருப்பவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். இது பால் டீ. நாம் வழக்கமாகக் குடிப்பது. பாலில் இருக்கும் கேசின் என்ற புரதம் டானினைத் தன்னோடு கட்டிப்போட்டுவிடும், அதனால் பல்லில் ஒட்ட மிஞ்சுவது குறைவு. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் இதைப் பற்றி ஆய்வு செய்து 2014-ல் வெளியிட்டார்கள். டீயில் பால் சேர்த்தால் கறை குறைகிறது என்பது அதில் தெரிந்தது. நம் டீக்கடை டீ அந்த வகையில் பரவாயில்லை. சர்க்கரை வேறு கதை.

அடுத்தது இது, இஞ்சி எலுமிச்சை டீ. பாலும் இல்லை, சர்க்கரையும் இல்லை, உடம்புக்கு நல்லது என்று நம்பித்தான் எல்லோரும் குடிக்கிறோம். ஆனால் என் மேசையில் இருப்பதில் பல்லுக்கு அதிகம் கவலை தருவது இதுதான். புளிப்பை அளக்கும் எண்தான் பிஎச், எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம். எலுமிச்சைச் சாற்றின் பிஎச் 2-லிருந்து 3-க்குள். வாயில் பிஎச் 5.5-க்குக் கீழே போனாலே எனாமலில் உள்ள தாது கரையத் தொடங்கும். டீயில் கலக்கும்போது புளிப்பு குறையும், ஆனாலும் எனாமலின் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்க அது போதும். அந்தச் சொரசொரப்பில் டானின் சுலபமாக உட்கார்ந்துவிடும். கூடவே தேன் வேறு. குடிக்க வேண்டும் என்றால் சாப்பாட்டோடு சேர்த்து ஒரே தடவையாகக் குடித்துவிடுங்கள். பிளாஸ்க்கில் மட்டும் வேண்டாம்.

இந்த மாதிரி புளிப்பானதைக் குடித்தவுடன் ஓடிப்போய் பிரஷ்ஷை எடுக்காதீர்கள். மேற்பரப்பு அப்போது இளகிப்போய் இருக்கும், பிரஷ் அதைத் தேய்த்துக்கொண்டு வந்துவிடும். வெறும் தண்ணீரால் நன்றாக வாய் கொப்பளித்துவிட்டு, குறைந்தது அரை மணி நேரம் கழித்துத் துலக்கலாம். கோடையில் எலுமிச்சை ஜூஸ், நன்னாரி சர்பத், கருப்புத் திராட்சை ஜூஸ் எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். ஆறிய பானங்களில் ஒரு வசதி, அண்ணாந்து குடிக்கலாம், முன்பற்களில் படுவது குறையும். சூடான டீயில் அது நடக்காது, நாக்கு பொத்துப்போகும்.

சுக்குக் காபியில் சுக்கு, கொத்தமல்லி, கருப்பட்டி. கறையைவிட எனக்குக் கருப்பட்டிதான் கவலை. வெள்ளைச் சர்க்கரை இல்லை, அதனால் பல்லுக்கு ஒன்றும் ஆகாது என்று பல அம்மாக்கள் நினைக்கிறார்கள். பல்லைச் சொத்தையாக்கும் கிருமிக்கு இரண்டும் சாப்பாடுதான். பிள்ளைகளுக்குக் கொடுங்கள், தடுமலுக்கு இதமாக இருக்கும். குடித்ததும் அரை டம்ளர் தண்ணீர் கொடுத்துக் கொப்பளிக்கச் சொல்லுங்கள்.

அப்புறம் மஞ்சள் பால். மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின் தண்ணீரில் சரியாகக் கரையாது, ஆகவே கொப்பளித்தால் மட்டும் முழுவதும் போகாது. சாதாரணப் பல்லில் பெரிய பிரச்சினை இல்லை. ஆனால் முன்பல்லில் பல் நிறத்திலேயே ஃபில்லிங் செய்திருந்தால் அது மஞ்சளை இழுத்துக்கொள்ளும். கிளிப் போட்டிருப்பவர்களுக்கு அந்தச் சின்ன ரப்பர் வளையங்கள் சீக்கிரமே மஞ்சளாகிவிடும்.

இதில் ஒரு பழக்கத்தை மாற்றிவிட்டாலே பெரிய உதவி. நிறைய வீடுகளில் இரவு பல் துலக்கிவிட்டு, மஞ்சள் பாலைக் குடித்துவிட்டு, அப்படியே படுத்துவிடுகிறார்கள். தூங்கும்போது எச்சில் சுரப்பது மிகவும் குறைந்துவிடும், கழுவ ஆளே இல்லை. முதலில் பால், அப்புறம் பிரஷ், அப்புறம் தூக்கம். காலையில் இதற்கு நேர்மாறாகச் செய்யுங்கள். எழுந்ததும் துலக்கிவிட்டு டீ குடியுங்கள், ஏனென்றால் இரவில் படிந்த அழுக்கின்மேல் டீ பட்டால் கறை இன்னும் நன்றாக ஒட்டும். ஹோட்டலில் காபியோடு ஒரு டம்ளர் தண்ணீர் வைப்பார்களே, அதில் பாதியைக் கடைசிக்கு மிச்சம் வையுங்கள்.

ஏற்கெனவே கறை இருக்கிறது என்றால்? தயவுசெய்து உப்பு, கரித்தூள், செங்கல் பொடி, சமையல் சோடாவில் எலுமிச்சை பிழிந்து தேய்ப்பது எதுவும் வேண்டாம். ரீல்ஸில் ஒரே வாரத்தில் வெளுப்பதாகக் காட்டுகிறார்கள், பார்க்கும்போதே எனக்கு மனசு பதறுகிறது. எனாமல் தேய்ந்தால் திரும்ப வளராது. அதன் அடியில் இருக்கும் டென்டினே மஞ்சள் நிறம்தான். தேய்க்கத் தேய்க்க அந்த மஞ்சள்தான் வெளியே தெரியும், கூச்சமும் சேர்ந்து வரும். மேலே படிந்த டீக் கறையும், பல்லில் கெட்டியாக இறுகிப்போன அழுக்கான காரையும், கிளினிக்கில் ஸ்கேலிங் என்ற சுத்தம், பாலிஷ் செய்தால் போய்விடும். ஸ்கேலிங் செய்தால் பல் ஆடும் என்பது தவறான பயம். ஈறு நோயால் ஏற்கெனவே ஆட்டம் கண்ட பல்லைக் காரை பிடித்து வைத்திருக்கும். அதை எடுத்ததும் அந்த ஆட்டம் வெளியே தெரிகிறது, அவ்வளவுதான்.

ஈறு வீக்கத்துக்கு டாக்டர் குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ் எழுதிக் கொடுத்திருந்தால், சொன்ன நாள்களுக்கு மேல் தொடராதீர்கள். அதுவே பழுப்புக் கறை போடும். டீயோடு சேர்ந்தால் இன்னும் அதிகம். குழந்தைக்குக் கொடுக்கும் இரும்புச்சத்து டானிக்கும் அப்படித்தான், பல்லைக் கறுக்க வைக்கும். நாக்கின் பின்பக்கமாக ஊற்றி, மேலே தண்ணீர் கொடுத்துவிடுங்கள்.

கடைசியாக, தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு. உங்கள் பகுதியில் நிறையப் பேருக்குச் சின்ன வயதிலிருந்தே பல்லில் வெள்ளைத் திட்டும் பழுப்புக் கோடும் இருக்கும். அதற்கு டீயைக் குறை சொல்லாதீர்கள். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம், பல் உருவாகும் வயதிலேயே அது எனாமலுக்குள் புகுந்துவிடுகிறது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. வீட்டில் எட்டு வயதுக்குள் பிள்ளைகள் இருந்தால் போர் தண்ணீரைக் கட்டாயம் பரிசோதித்துவிடுங்கள். உங்கள் வீட்டில் குடிப்பது போர் தண்ணீரா, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரா? கமெண்டில் எழுதுங்கள், அந்தக் கறைக்கு என்ன சிகிச்சை இருக்கிறது என்று அடுத்த வீடியோவில் விரிவாகப் பேசுகிறேன்.