ஈர்ப்பு விசைக்குப் பச்சோந்தி வேஷம்

வணக்கம். பிரபஞ்சத்தின் விரிவு வேகமெடுக்கிறது என்று 1998-இல் சூப்பர்நோவாக்களை, அதாவது வெடித்துச் சிதறும் நட்சத்திரங்களை, வைத்துக் கண்டுபிடித்ததிலிருந்து ஒரு வழக்கு நடந்துகொண்டிருக்கிறது: காரணம் விரிவைத் தள்ளிவிடும் கரும் ஆற்றல் என்ற கண்ணுக்குத் தெரியாத ஒன்றா, இல்லை, ஐன்ஸ்டைனின் ஈர்ப்புக் கோட்பாட்டையே பெரிய தூரங்களுக்குத் திருத்த வேண்டுமா? விரிவை மட்டும் அளந்து இதைத் தீர்க்க முடியாது, இரண்டு தரப்பும் அதே விரிவைக் கணக்கில் கொண்டுவந்துவிடும். குட்டு உடைவது பொருள் எவ்வளவு சீக்கிரம் திரள்கிறது என்பதில்தான்.

பிரபஞ்சத்துக்கு 3,80,000 வயதானபோது அதன் வெப்பத்தில் இருந்த ஏற்றத்தாழ்வு லட்சத்தில் ஒரு பங்கு. அப்படிப்பட்ட துளி வித்தியாசங்களை ஈர்ப்பு வளர்த்துத்தான் இன்றைய கேலக்ஸிகள், கொத்துகள், நடுவே பெரிய பெரிய வெற்றிடங்கள் எல்லாம் வந்தன. எஃப்-ஆர் என்ற திருத்தக் கோட்பாட்டில் கூடுதலாக ஒரு விசை சேர்ந்து, இழுப்பு அதிகபட்சம் மூன்றில் ஒரு பங்கு கூடும். அப்படியென்றால் திரள்வதும் வேகமாகும்.

சரி, அதை எப்படி அளப்பது? கேலக்ஸியின் தூரத்தைச் செம்பெயர்ச்சியை வைத்து, அதாவது அது விலகும் வேகத்தால் அதன் ஒளி சிவப்புப் பக்கம் எவ்வளவு நகர்கிறது என்பதை வைத்து, கணக்கிடுகிறோம் இல்லையா, அங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. ஒரு பெரிய திரளை நோக்கிச் சுற்றியுள்ள கேலக்ஸிகள் விழுகின்றன. நமக்கு இந்தப் பக்கம் இருப்பவை நம்மைவிட்டு விலகி விழுவதால் தூரம் அதிகம் போலத் தெரியும், அந்தப் பக்கம் இருப்பவை நம்மை நோக்கி விழுவதால் கிட்டே இருப்பது போலத் தெரியும். ஆக, வரைபடத்தில் திரள் பார்வைக் கோட்டின் திசையில் நசுங்கிப் போகிறது. வானியற்பியலாளர் நிக் கைசர் 1987-இல் இந்த நசுங்கலுக்குக் கணக்கு எழுதினார். நசுங்கல் எவ்வளவோ, வளர்ச்சியும் அவ்வளவு.

இந்தக் கூடுதல் விசை நம் சூரியனுக்குப் பக்கத்தில் ஏன் தெரியவில்லை என்று கேட்பீர்கள். நியாயம்தான். காசினி விண்கலத்தின் ரேடியோ அலைகள் சூரியனை ஒட்டி வந்தபோது, ஐன்ஸ்டைன் சொன்னதிலிருந்து லட்சத்தில் சில பங்குக்கு மேல் விலகவில்லை. அதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள்: அடர்த்தியான இடத்தில் அந்த விசை ஒளிந்துகொள்ளும், பெயரே பச்சோந்தி. எனக்கு முதலில் இது சாக்குப்போக்காகத்தான் பட்டது. ஆனால் வெற்றிடங்களில் ஒளிய இடமில்லை, அங்கே போய்த் தேடலாம்.

2017 ஆகஸ்ட் 17-இல் ஒரே மோதலிலிருந்து ஈர்ப்பலை வந்து 1.7 வினாடியில் காமாக்கதிரும் வந்தது; ஈர்ப்பலையும் ஒளியின் வேகத்தில்தான் வருகிறது என்று தெரிந்ததும், வேறு வேகம் சொன்ன பல திருத்தக் கோட்பாடுகள் செத்தன. எஃப்-ஆர் தப்பியது. கேலக்ஸிகளின் செம்பெயர்ச்சியை அளக்கும் அரிசோனாவின் டெசி கருவி 2024 நவம்பரில் தந்த வளர்ச்சிக் கணக்கிலும் ஐன்ஸ்டைன்தான் நிற்கிறார். அப்புறம், எஃப்-ஆரின் கூடுதல் விசை கேலக்ஸியைத்தான் இழுக்கும், ஒளியை வளைப்பதில் அதற்குப் பங்கே இல்லை என்று சொல்லலாம். 2023 ஜூலையில் ஏவிய யூக்ளிட் தொலைநோக்கி அந்த ஒளி வளைவைத்தான் அளந்துகொண்டிருக்கிறது, கேலக்ஸிகளின் ஓட்டம் காட்டும் நிறையோடு அது ஒத்துப்போகிறதா என்று பார்க்க.