11 மணி எருமை

வணக்கம். மலேசியாவில் கெடா மாநிலத்துப் பீடோங்கிலிருந்து வந்திருக்கிறேன். டிராக்டர் வந்தது, மாடு போனது என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். எனக்கு அதில் பாதிதான் சம்மதம்.

அப்பா செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனைத் தோட்டத்தில் எருமை வண்டி ஓட்டியவர். ஒரு பழக்குலை 20 கிலோ சாதாரணமாக இருக்கும். அதைத் தூக்கி வண்டியில் போட்டுவிட்டு நாக்கால் ‘டொக்’ என்பார். எருமை தானே நடந்து அடுத்த மரத்தடியில் போய் நிற்கும். டிராக்டரை அப்படிக் கூப்பிட முடியுமா? ஒவ்வொரு மரத்துக்கும் ஏறணும், இறங்கணும். மழை பெய்து மண் சொதசொதவென்று ஆகிவிட்டால் அதன் சக்கரமும் புதையும். அதனால்தான் செம்பனைக்குள் எருமை ரொம்ப நாள் தாக்குப்பிடித்தது.

ஆனால் மணி 11 ஆனால் எங்கள் எருமை கறுப்பன் வேலை செய்யாது. ஒரு நாள் குலை நிறைந்த வண்டியோடு கால்வாயில் இறங்கிவிட்டது. கரையில் நின்று தோட்டத்துக் கணக்கர், கிராணி, கத்துகிறார், அது மூக்கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு கண்ணை மூடுகிறது! அப்பா சிரித்துவிட்டார். அன்றைக்கு அரை நாள் பேர், அதாவது கூலி, போயிற்று. எருமைக்கு வேர்வைச் சுரப்பி குறைவு, தண்ணீரில் கிடந்தால்தான் சூடு தணியும். அதன்மேல் குற்றமில்லை. ஆனால் வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போகணும், தாமதித்தால் எண்ணெயில் அமிலம் ஏறும். அவசரம் குலைக்கு, எருமைக்கு இல்லை.

அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: மாட்டைத் தோற்கடித்தது நேரம்.

வடக்கே மூடா பாசனப் பகுதி நெல்வயலைப் பாருங்கள், சுமார் 96,000 ஹெக்டேர். 1970-இல் அணைத் தண்ணீர் பாயத் தொடங்கியதும் ஒரு போகம் இரண்டு போகமானது. முன்பு அறுவடை முடிந்தால் அடுத்த மழை வரை வயல் சும்மா கிடக்கும். எருமை தாளை மேய்ந்து தேறும், பிறகு நிதானமாக உழும். இரண்டு போகம் வந்ததும் அறுத்த கையோடு உழணும். டிராக்டரை வாடகைக்குப் பிடித்தால் வேலை சீக்கிரம் முடியும், வேலை இல்லாத நாளில் அதற்குத் தீனியும் வேண்டாம். எருமைக்கு வேலையும் போனது, மேய்ச்சலும் போனது. மிஞ்சியது இறைச்சி விலைதான்.

தமிழ்நாட்டுக் காங்கேயம் காளை பற்றியும் சொல்ல நினைத்திருந்தேன்... ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேரமாகிறது என்று கை காட்டுகிறார்கள். சரி, ஒன்றே ஒன்று. இப்போது சில செம்பனைத் தோட்டங்களில் மறுபடி மாடு விடுகிறார்கள். வண்டி இழுக்க இல்லை, புல் மேய. களைக்கொல்லிச் செலவு மிச்சமாம். கறுப்பனுக்கு அந்த வேலை கிடைத்திருந்தால்... நேரமாகிவிட்டது, வணக்கம்.