லேக்குன்னு ஒதுக்காதீங்க

எல்லாருக்கும் வணக்கம். மண்டபம், பாம்பன், தொண்டின்னு கரையோரத்துல எங்கெங்கயோ இருந்து கேட்டுக்கிட்டு இருக்குறீங்க, சந்தோஷம். இன்னைக்கு ஒரு அமெரிக்கப் படத்தைப் பத்தி பேசப்போறேன். ஸ்டார்ட்டிங் அவுட் இன் தி ஈவ்னிங், 2007ல வந்துச்சு, பிரையன் மார்ட்டன் நாவலை ஆண்ட்ரூ வாக்னர் படமா எடுத்தாரு. பேரு மனசுல நிக்கலைன்னாலும் பரவால்ல, கதையைக் கேளுங்க. நியூயார்க்ல லெனார்ட் ஷில்லர்னு வயசான எழுத்தாளர், எழுதுன நாலு நாவலும் இப்ப கடையில கிடைக்காது, அஞ்சாவதை வருஷக்கணக்கா எழுதிக்கிட்டே இருக்காரு, ஹெதர்னு ஒரு காலேஜ் பொண்ணு அவரைப் பத்தி தீசிஸ் எழுதணும்னு வந்து நிக்குது.

ஷில்லரா நடிச்சது ஃபிராங்க் லாங்கெல்லா, 1979ல டிராகுலாவா வந்தாரே அவருதான். விமர்சகருங்க அவரைக் கொண்டாடித் தீத்துட்டாங்க, அது நியாயம்தான். ஆனா படத்தைப் பத்தி கேட்டா நிறைய பேரு, அமைதியான படம், மெதுவா போகுது, நடிப்புக்காகப் பாக்கலாம்னு முடிச்சுக்கிறாங்க. நம்ம ஊர்ல லேக்குன்னு, அதான் இழுவைன்னு, ஒத்தை வார்த்தையில சொல்லிருவாங்க. எனக்கு அங்கதாங்க வருத்தம். அந்த மெதுவை எடுத்துட்டா அந்த நடிப்பு எங்க இருக்கும்?

மீன்பிடித் தடைக்காலத்துல, அதான் ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் விசைப்படகு போகாதுல்ல, அப்ப எங்க தெருவுல பென்டிரைவ் போட்டு எல்லாருமா இந்தப் படத்தைப் பாத்தோம். பெரியவர் ஒருத்தர் கிழிஞ்ச வலையை மடியில போட்டுத் தச்சுக்கிட்டே பாத்தாரு, கண்ணு டிவியில, ஆனா கை பாட்டுக்கு கண்ணி கண்ணியா முடிச்சுப் போட்டுக்கிட்டு இருக்கு, ஒரு கண்ணி கூட பெருசு சின்னதுன்னு இல்ல. ஷில்லர் கோட்டு, டை எல்லாம் போட்டுக்கிட்டு வீட்டுக்குள்ளயே டைப்ரைட்டர் முன்னாடி உக்காருவாரு. ஒரு பய கேட்டான், வீட்டுக்குள்ள இருக்குறவருக்கு எதுக்கு டைன்னு. பெரியவரு தலையைக் கூட திருப்பல, "தொழிலுக்குப் போறாருல்லடா"ன்னாரு.

நான் படிச்ச எந்த விமர்சனத்துலயும் இது இல்லைங்க. ஒரு மனுசன் எழுதுறதை வேலையா, தினப்படி வேலையா காட்டணும்னா கேமரா அவரு கூட உக்காந்துதான் ஆகணும். இத்தனைக்கும் படத்தை 18 நாள்ல எடுத்து முடிச்சிருக்காங்க, கையில காசும் கம்மி. அவ்வளவு அவசரத்துலயும் ஒரு சீன்ல கூட அவசரம் தெரியல, அதுக்கு டைரக்டரைப் பாராட்டணுமா இல்லையா?

இன்னொண்ணு. ஹெதரும் ஒரு விமர்சகர்தான். அவளுக்கு முதல் ரெண்டு நாவல்னா உயிரு, அடுத்த ரெண்டுல ஏமாற்றம், ஏன் மாறிட்டீங்கன்னு அவரைப் போட்டுத் துளைக்கிறா. தனக்கு வேண்டிய ஷில்லரை முன்னாடியே மனசுல முடிவு பண்ணிக்கிட்டு வந்தவ அவ. நடிப்பை மட்டும் எடுத்துக்கிட்டு அந்த மெதுவை ஒதுக்குன விமர்சகருங்க செஞ்சதும் அதேதான், அதை அந்தப் படமே நம்ம முன்னாடி வச்சிருக்கு. திரும்பவும் சொல்றேன், நடிப்புல இருந்து அந்த மெதுவைத் தனியாப் பிரிக்காதீங்க.

ஷில்லரோட மகள் ஏரியலைப் பத்தி நிறைய வச்சிருந்தேன், நேரம் ஆச்சுன்னு கை காட்டுறாங்க. லில்லி டெய்லர் நடிச்சிருக்காங்க, நாப்பதை நெருங்குற பொண்ணு, புள்ள வேணும்னு ஆசை, பிரியமானவன் கேஸி வேணாங்குறான். நான் படிச்ச விமர்சனங்கள்ல இவங்களுக்கு ரெண்டு வரிதான் கிடைச்சுது, ரொம்ப அநியாயம். படத்தைப் பாக்குறப்ப ஏரியலும் கேஸியும் பேசுற சீனை ஓட்டி விட்றாதீங்க. வணக்கம்.